பின்னப்பட்ட தேவி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பள்ளத்தாக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறையாவது எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில், கசியும் நீரில் நனைந்தபடி பாறை நிற்கும். அதைக் கருப்பு என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய் தடவியது போன்ற ஒரு மினுக்கு. அதற்கடியில் பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறம். கர்ப்பகிருகத்தில் விளக்கைத் தூக்கிக் காட்டும்போது ஒரு கணம் தெரிந்து மறையும் அம்மனின் கன்னம் இதே நிறம்தான்.

போன வருஷம் ரோமுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் அங்கே அருங்காட்சியகங்களில் எடுத்த படங்களைக் காட்டினார். அதீனா, வீனஸ், டயானா என்று வரிசையாகப் பளிங்குத் தேவிகள். கொஞ்ச நேரம் பார்த்தபின் இரண்டு விஷயங்கள் உறுத்தத் தொடங்கின. பாதிப் பேருக்குக் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையோ, ஜாடியோ, மீனோ நிற்கிறது. பாதிப் பேருக்கு மூக்கு புதுசு. நண்பர் சேலத்துக்காரர், சுற்றி வளைக்காமல் கேட்பவர். “ஏம்ப்பா, நம்ம அம்மனுக்கு இந்த மாதிரி முட்டுக்கட்டை எதுவும் கிடையாதே, அது ஏன்? அவங்க மூக்கு போனா ஒட்டிக்கறாங்க, நாம ஏன் ஒட்டறதில்ல?” இரண்டு கேள்விக்கும் பதில் தேடினால் பாதி கல்லில் கிடைக்கிறது, பாதி மனிதர்களிடம்.

முதலில் முட்டுக்கட்டை. ரோமானியர்கள் கிரேக்கத்தை ஜெயித்தபின் கிரேக்கச் சிலைகள்மேல் அவர்களுக்கு வந்தது சாதாரண ஆசை இல்லை. பணக்காரன் வீட்டுத் தோட்டத்திலும் பொதுக் குளியல் மண்டபத்திலும் புகழ்பெற்ற சிலைகளின் பிரதிகள் வேண்டியிருந்தன. மூலச் சிலைகளில் பலவும் வெண்கலம். அவற்றின் மேல் சுண்ணச் சாந்து பூசி அச்செடுத்தார்கள். அச்சில் வார்த்த சாந்து உருவைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதன்மேல் புள்ளிகள் குறித்து, புள்ளிக்குப் புள்ளி அளந்து பளிங்கில் இறக்கினார்கள். இது ஊகம் மட்டும் இல்லை. நேப்பிள்ஸ் அருகே பாயா என்ற ஊரில் 1954இல் தோண்டியபோது அப்படிப்பட்ட சாந்து வார்ப்புகளின் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அந்தப் பட்டறை குப்பையில் எறிந்ததுதான் இன்று நமக்குச் சாட்சி.

வடிவத்தை அளந்து பெயர்க்கலாம்; பொருளின் பலத்தைப் பெயர்க்க முடியாது. நீட்டிய கை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை கீழே இழுக்கிறது. தோளருகே மேல்பக்கம் விரியப் பார்க்கும், கீழ்ப்பக்கம் நசுங்கப் பார்க்கும். நசுக்குவதைக் கல் தாங்கும். இழுப்பது வேறு கதை: பளிங்கு தாங்கும் நசுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவிசையே அதை முறிக்கப் போதும். வெண்கலத்துக்கு இந்தப் பேதம் இல்லை. தவிர, வெண்கலச் சிலை உள்ளே கூடு. பளிங்குச் சிலையின் கணுக்கால் இன்னும் மோசம், மொத்த உடம்பும் அந்த மெல்லிய இடத்தில் நிற்கிறது. உடல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் இழுபடும். ஃப்ளாரன்ஸில் மைக்கலேஞ்சலோவின் டேவிட் சிலைக்கு இன்று கணுக்காலில் நுண்விரிசல்கள், பக்கத்தில் அடிமரம் ஒன்று தாங்கி நின்றும்கூட. ஆகவே வெண்கலத்தைப் பார்த்துப் பளிங்கில் செய்த சிற்பி முட்டுக் கொடுத்தான். வீனஸ் என்றால் கடலில் பிறந்தவள், டால்ஃபின் வைத்தால் பொருத்தம். வேட்டைத் தேவி டயானா என்றால் மரம். கதையோடு ஒட்டும் முட்டாகத் தேடியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

இதில் ஆராய்ச்சியாளர்களை இன்றும் அலைக்கழிக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஏதென்ஸின் பார்த்தினான் கோவிலுக்காக ஃபிடியாஸ் செய்த அதீனா கி.மு. 438இல் பிரதிஷ்டை ஆனவள். மரச்சட்டத்தின்மேல் தந்தமும் தங்கத் தகடும், சுமார் 12 மீட்டர் உயரம். அவள் என்றோ அழிந்துவிட்டாள். 1880இல் ஏதென்ஸில் வர்வாகியான் என்ற பள்ளிக்கருகே ஒரு மீட்டர் உயரத்தில் ரோமக் காலத்துப் பளிங்குப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் தேவியின் நீட்டிய வலக்கையில் வெற்றித் தேவதை நைக்கி நிற்கிறாள். அந்தக் கைக்கு அடியில் ஒரு தூண். ஃபிடியாஸ் வைத்த தூணா, பளிங்குக்கை முறியாமலிருக்கப் பிரதி செய்தவன் வைத்த தூணா? மூலத்தில் தந்தக்கையின்மேல் ஓர் ஆள் உயர நைக்கி நின்றாள் என்பதால் அங்கேயும் முட்டு தேவைப்பட்டிருக்கும் என்பார்கள் ஒரு சாரார். மறு சாரார் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தூண் கலையா பொறியியலா என்பதில் இத்தனை காலமாகச் சண்டை.

நம் ஊரில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. எந்தப் பெரிய கோவிலுக்குப் போனாலும் ஒரே தேவி இரண்டு பொருளில் இருப்பாள். உள்ளே மூலவர் கல், வெளியே ஊர்வலம் வரும் உற்சவர் வெண்கலம். உற்சவர் பார்வதியின் இடக்கை உடம்பைத் தொடாமல், யானைத் துதிக்கை போல் தளர்ந்து தொங்கும். லோல ஹஸ்தம் என்பார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் காற்று புகுந்து போகும். மூலவரிடம் அதே கை வரும்போது சிற்பி பெரும்பாலும் அந்த இடைவெளியைக் குடைந்தெடுக்காமல் மெல்லிய கல்லாக விட்டிருப்பார். அல்லது முதுகுக்குப் பின்னால் பலகை போல் கல் நிற்கும். உயர்த்திய மேல்கை திருவாசியோடு ஒட்டிக்கொள்ளும். முட்டு நம்மிடமும் உண்டு, தனியாகத் தெரியாது, அவ்வளவுதான். வெண்கலத்தில் செய்ததைக் கல்லில் நகலெடுக்கும் வேலை நம் சிற்பிக்கு இல்லை. கல்லுக்கு ஒரு தேவி, உலோகத்துக்கு ஒரு தேவி என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டார்.

இனி அந்தக் கல். ஏற்காட்டுப் பாறைக்குப் புவியியலார் வைத்த பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த வழி வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று ஆங்கிலேயர் கொண்டாடிய ஜாப் சார்னோக்கின் கல்லறை அந்நகரின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறையின் மேல் பதித்த கருங்கல் அங்கத்திய கல் இல்லை, சென்னை பரங்கிமலைப் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து 1893இல் சார்னோக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். 1900இல் அவர் எழுதிய பெரிய ஆய்வேட்டில் ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையும் வருகிறது. பரங்கிமலை, பல்லாவரம், ஏற்காடு எல்லாம் ஒரே குடும்பம். உலகம் முழுக்க, அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும், இந்த வகைப் பாறைக்கு ஒரு கல்லறைவாசியின் பெயர்தான். பல நூற்றாண்டுகளாக அதைச் செதுக்கிய கல்தச்சர்கள் அதைக் கருங்கல் என்று மட்டுமே சொல்லிவந்தார்கள். பெயர் வைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது இந்தப் பாறை. வெந்தது என்பதைவிட வறுபட்டது என்பது சரி. சாதாரண கிரானைட்டில் மைக்கா எனப்படும் அப்பிரகம் இருக்கும். அந்தக் கனிமத்துக்குள் நீர் கட்டுண்டு கிடக்கும். சார்னோக்கைட் உருவாகும்போது அந்த நீர் விரட்டப்படுகிறது. அப்பிரகம் இருந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் வந்து உட்காருகிறது. ஆழத்திலிருந்து ஏறிவந்த கரியமில வாயுதான் நீரை விரட்டியது என்று 1970களின் இறுதியில் ஜனார்த்தன், நியூட்டன் முதலானோர் கர்நாடகத்தின் கப்பல்துர்காவை வைத்து வாதிட்டார்கள். அதன்பின் சேர்வராயன் மலைக்கும் ஆய்வாளர்கள் சுத்தியலோடு ஏறினார்கள்.

சிற்பிக்கு இதில் என்ன லாபம்? அப்பிரகம் தாள் தாளாகப் பிரியும். கல்லுக்குள் நீர் நுழையவும், ஏடு பெயரவும் அது ஒரு வாசல். அந்த வாசல் சார்னோக்கைட்டில் அநேகமாக அடைபட்டுக் கிடக்கிறது. மிச்சமிருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. பளிங்கு முழுக்க முழுக்க கால்சைட், அதன் கடினம் 3. செப்புக் காசால் கீறினாலே அநேகமாகக் கோடு விழும். இந்த வித்தியாசம் உளியிலேயே தெரியும்: பளிங்கைச் சீவலாம், பல்லுளியால் வரி வரியாக இழைக்கலாம், துளையிட்டுச் சுருள்முடி செய்யலாம். நம் கருங்கல்லை அப்படிச் செய்ய முடியாது. கூர் உளியால் குத்திக் குத்திப் பொடித்துத்தான் எடுக்க வேண்டும். சோழர் காலத்துக் கல் தேவியின் கூந்தலில் ரோம வீனஸின் சுருள் இல்லாததற்கும், அவள் தோள் அத்தனை வழவழப்பாகத் திரண்டு நிற்பதற்கும் ரசனை மட்டுமே காரணம் இல்லை.

மழையில் நிறுத்தினால் வித்தியாசம் இன்னும் பெரிது. மழைநீரே லேசான அமிலம். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கால்சைட் அதில் கரையும். ஃபெல்ட்ஸ்பாரும் சிதையும், ஆனால் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவாக. நகரத்துப் புகையின் கந்தகம் சேர்ந்தால் பளிங்கின் மேல்தோல் ஜிப்சமாக மாறி, கரி பிடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். வெயிலும் அதற்குப் பகை. கால்சைட் படிகம் சூடானால் ஒரு திசையில் நீள்கிறது, குறுக்குத் திசையில் சுருங்குகிறது. பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்க, ஒட்டு விட்டுப்போய்ப் பளிங்கு சர்க்கரைக் கட்டி போல் பொலபொலக்கும். ஹெல்சின்கியில் ஃபின்லாண்டியா மண்டபத்துக்குப் போர்த்திய இத்தாலியப் பளிங்குப் பலகைகள் இப்படித்தான் அப்பளம்போல் வளைந்தன.

தினமும் தயிரும் எலுமிச்சையும் பஞ்சாமிர்தமும் ஊற்றிக் குளிப்பாட்டும் வழக்கம் கருங்கல் நாட்டில் வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அத்தனையும் அமிலம். இப்போது நம் தெருக்களிலும் பளிங்கு மூர்த்திகள் வருகின்றன. வைத்தவர்கள் எலுமிச்சை விஷயத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

கருங்கல் சாகாது என்றும் நினைக்க வேண்டாம். ஏற்காட்டின் உச்சியில் செம்பழுப்பு நிறத்தில் கிடக்கும் பாக்சைட் பார்த்திருப்பீர்கள்; மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகப் போனதே, அது. அது செத்த சார்னோக்கைட். லட்சக்கணக்கான ஆண்டு மழையும் வெப்பமும் ஃபெல்ட்ஸ்பாரைத் தின்று, சிலிக்காவைக் கழுவிவிட்டு, அலுமினியத்தை மட்டும் மிச்சம் வைத்த எலும்புக்கூடு. அந்த உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில்தான், சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும். மலையடிவாரத்திலோ வெள்ளை வெளேரென்று மாக்னசைட். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துச் சுண்ணக்கட்டிக் குன்று என்று பெயர் வைத்தார்கள். சுண்ணக்கட்டியும் இல்லை, பளிங்கும் இல்லை. பளிங்கு கால்சியம் கார்பனேட் என்றால் இது மக்னீசியம் கார்பனேட், ஒன்றுவிட்ட தங்கை. அடியிலுள்ள டியூனைட் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து வினைபுரிந்ததில் உண்டானது. நரம்பு நரம்பாகப் பாறைக்குள் ஓடுவதால் சிலை அளவுக்குக் கட்டி கிடைக்காது. கிடைத்தாலும் பீங்கான் போல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். உலைச் செங்கல்லுக்குப் போயிற்று.

நல்ல கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்தபதிகள் தட்டிப் பார்ப்பார்கள். மணி போல் கணீரென்று ஒலித்தால் ஆண் கல், ஆண் தெய்வத்துக்கு. தாளம்போல் மென்மையாக ஒலித்தால் பெண் கல், தேவிக்கு. ஒலியே எழாமல் மக்கிப்போனால் நபும்சகக் கல். தளத்துக்கும் படிக்கும் போகும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு ஐரோப்பியப் பளிங்கு மருத்துவர்களிடம் போனால் அவர்களும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், மீயொலிக் கருவியால். நல்ல பளிங்கில் ஒலி விநாடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 3க்குக் கீழே இறங்கினால் படிகங்கள் பிரியத் தொடங்கிவிட்டன, 1.5க்குக் கீழே போனால் கை வைத்தாலே உதிரும். ஒலி ஓடும் வேகத்தைக் கல்லின் விறைப்பும் உள்விரிசலும் தீர்மானிக்கின்றன. கணீரும் மந்தமும் அதே இரண்டின் பிள்ளைகள். கல்லுக்கு ஆண் பெண் பேதம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். விரிசல் உண்டா இல்லையா என்பதை அந்தக் காது சரியாகச் சொல்லியிருக்கும்.

இப்போது மூக்கு விஷயம்.

16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ரோமில் தோண்டத் தோண்டப் பளிங்குச் சிலைகள் வந்தன. பெரும்பாலும் தலையில்லை, கையில்லை. வாங்கும் பிரபுக்களுக்கு முழுசாக வேண்டும். பார்த்தோலோமியோ கவசெப்பி போன்றவர்கள் அதையே பெரும் தொழிலாக நடத்தினார்கள். அவர் பட்டறையில் புகுந்த மூளித் தேவி மூக்கும் முழியுமாக வெளியே வந்தாள். சிலருக்கு வேறொரு சிலையின் தலை. சிலருக்குக் கை புதுசு, கையில் என்ன இருந்தது என்பது ஊகம். ஃப்ளாரன்ஸின் புகழ்பெற்ற மெதீசி வீனஸுக்குக் கைகள் 1677இல் எர்கோலே ஃபெர்ராட்டா செய்து மாட்டியவை. பலர் முறிந்த பரப்பைச் சமமாகச் சீவிவிட்டுப் புதுத்துண்டை வைத்தார்கள். ஒட்டு நன்றாக அமரும். ஆனால் மூலத்தின் முறிவு என்றைக்கும் திரும்பாது, பின்னால் அசல் துண்டு அகப்பட்டாலும் பொருந்தாது.

அப்புறம் மனம் மாறியது. 1820இல் மீலோ தீவில் கிடைத்த வீனஸுக்குக் கை வைக்க வேண்டாம் என்று பாரிஸில் தீர்மானித்தார்கள். மியூனிக்கில், ஏஜினா தீவுக் கோவில் முகப்புச் சிற்பங்களுக்கு (நடுவில் நிற்பவள் அதீனா) டென்மார்க்கின் பெரிய சிற்பி தோர்வால்ட்சன் 1818 வாக்கில் செய்த தலைகளையும் கைகளையும் 1960களில் கழற்றிவிட்டார்கள். அசல் மட்டும் நிற்கட்டும் என்றார்கள். தோர்வால்ட்சனின் வேலையும் ஒரு கலைதானே, அதைக் கழற்றியது சரியா என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

ஐரோப்பியரின் திண்டாட்டம் எங்கே தொடங்குகிறது? அவர்களுடையது புள்ளிக்குப் புள்ளி எடுத்த நகல். மூலம் போய்விட்டது, கையும் போய்விட்டது என்றால் அந்தக் கை எப்படி இருந்தது என்று சொல்ல யாரிடமும் அளவு இல்லை. நம் முறை வேறு. இங்கே எந்தத் தேவியும் வேறொரு தேவியைப் பார்த்துச் செய்த நகல் இல்லை. தாலமானம் என்ற கணக்கிலிருந்து ஒவ்வொருத்தியும் புதிதாகப் பிறக்கிறாள். தலைமைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். உமைக்கும் திருமகளுக்கும் மத்திம தசதாலம், 120. இந்த அங்குலம் கடையில் விற்கும் டேப்பில் இல்லை. சிலையின் உயரத்தையே 120ஆகப் பகுத்ததில் ஒரு பங்கு. சுவாமிமலையில் தென்னங்கீற்றிலிருந்து ஒரு நறுக்கு எடுத்து, சிலை உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துப் பகுப்பார்கள். ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று அந்த ஓலைத் துண்டே சொல்லும். ஆக, ஒரு பார்வதிக்கு வலக்கை ஒடிந்துபோனால் என்ன போயிற்று என்பது தெரிந்த கதை. பூவைப் பிடிக்கும் கடக ஹஸ்தம். அதன் நீளம், மணிக்கட்டின் சுற்றளவு, விரல் வளைவு எல்லாமே கணக்கில் உண்டு. முகத்தின் சாந்தம் மட்டும் ஓலைக்கு அகப்படாது.

இத்தனை தெரிந்தும் ஒட்டுவதில்லை. விரல் நுனி, ஆபரணம் போன்ற உபாங்கம் போனால் சரிசெய்யலாம் என்று ஆகமங்கள் சொல்கின்றன. தலை, கை, கால் போன்ற அங்கம் போனால் பின்னம். பின்னப்பட்ட மூர்த்தியை வழிபாட்டில் வைக்கக் கூடாது. கல் என்றால் ஆழமான நீரிலோ மண்ணுக்குள்ளோ விடவேண்டும்; உலோகம் என்றால் உருக்கி வார்க்கலாம். புதிதாகச் செய்து பிரதிஷ்டை செய்வார்கள். ஊகித்து ஒட்ட வேண்டியவர்கள் தாராளமாக ஒட்டினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் கைவைக்கவில்லை. எனக்கு இது வெகுநாள் புதிராக இருந்தது. இப்போது ஓரளவு விளங்குகிறது. திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கலசத்துக்கோ சித்திரப் பலகைக்கோ மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் நிற்பது கல். கணக்கு கைவசம் இருக்கும்போது பழைய கல்லை ஒட்டவைத்துக்கொண்டு கிடப்பானேன்? அசல் என்பது நம்மவர்க்குக் கல்லில் இல்லை, கணக்கில் இருந்தது.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் குந்தியிருக்கும் தவ்வைகளைப் பார்த்திருப்பீர்கள். பல்லவர், சோழர் காலத்தில் கோவிலுக்குள் தனி இடம் பெற்றிருந்தவள். மூதேவி என்று பெயர் கெட்டபின் வெளியே வந்தாள். பின்னமும் அவமானமும் சேர்ந்துகொண்டால் ஆயிரம் வருஷச் சிற்பத்தின்மேல் துணி துவைப்பார்கள்.

ஒட்டுவது என்ற பேச்சில் ஒரு பழைய ஞாபகம். சிறுவயதில் மலையடிவாரத்தில் என் மாமா ஊர் அம்மன் கோவில் கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தேன். கல் உரலைச் சுற்றி ஆட்கள் முறைபோட்டு எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி விழ விழ அரக்கு வாசனை. நானும் ஒரு கை பார்த்தேன். நாலு அடியில் தோள் விட்டுப்போயிற்று. “கல்லாகற வரைக்கும் இல்ல தம்பி, மெழுகாகற வரைக்கும் இடிக்கணும்” என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். அஷ்டபந்தனம் அது. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். பீடத்துக்கும் மூர்த்திக்கும் நடுவில் இதைத்தான் அடைப்பார்கள்.

ரோமப் பட்டறைகளில் பளிங்குத் துண்டுகளை ஒட்டிய கலவையில் மரப்பிசின், மெழுகு, பளிங்குப் பொடி. குங்கிலியத்துக்கும் அரக்குக்கும் பதில் பைன் பிசின், சுக்கான் தூளுக்குப் பதில் பளிங்குத் தூள். அடிப்படை ஒன்றுதான். சூட்டில் இளகும் பிசின் பிடித்துக்கொள்ளும், மெழுகு அதை நொறுங்காமல் வைக்கும், கல்பொடி சுருங்காமல் வைக்கும். ஒரு வித்தியாசம் எனக்குப் பிடித்தது. அஷ்டபந்தனம் காலப்போக்கில் இறுகிக் கெட்டுவிடும் என்பது தெரிந்தே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்கள். கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியாத பசையைப் போடாதே என்பது இன்றைய சிலை மருத்துவத்தின் முதல் பாடம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 2002இல் பீடம் சரிந்து துல்லியோ லொம்பார்தோவின் பளிங்கு ஆதாம் சுக்குநூறானான். அவனைச் சேர்க்க, கரைப்பானில் திரும்பக் கரையும் அக்ரிலிக் பிசினைத்தான் தேர்ந்தார்கள். எழுந்து நின்றது 2014இல். சரியாகப் பன்னிரண்டு வருஷம், ஒரு கும்பாபிஷேகக் கணக்கு.

பசையைவிடப் பெரிய வில்லன் இரும்பு. ஐரோப்பியப் பட்டறைகளில் கைக்குள் துளையிட்டு இரும்பு முளை வைத்து ஒட்டினார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். துளைக்குள் அது ஆப்பு அடிப்பதற்குச் சமம். முளை வைத்த இடத்திலேயே சிலை மறுபடி பிளக்கும். பார்த்தினானில் சீரமைப்பை நடத்திய பலானோஸ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்த இரும்புக் கவ்விகள் இப்படிப் பளிங்கை வெடிக்கவைத்தன. பழைய கிரேக்கர்கள் இரும்பை ஈயத்தில் குளிப்பாட்டிப் பொதிந்திருந்தார்கள், அவை நின்றன. 1975க்குப் பின் வந்த குழு பலானோஸின் கவ்விகளைப் பிடுங்கி டைட்டேனியம் போட்டது. அது துருப்பிடிக்காது, வெயிலில் ஏறத்தாழ பளிங்களவே விரியும்.

எல்லாவற்றையும்விடச் சுத்தம் செய்கிறேன் என்று புறப்படுவது ஆபத்து. கிரேக்க, ரோமத் தேவிகள் வெள்ளையாக இருந்ததே இல்லை. உதட்டுக்கும் கூந்தலுக்கும் ஆடைக்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். மண்ணில் கிடந்து வண்ணம் போனதை அழகு என்று ஐரோப்பா நம்பிவிட்டது. அந்த வெண்மைக்காக 1937–38இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் சிற்பங்களைச் செப்புச் சுரண்டியும் கார்போரண்டமும் கொண்டு தேய்த்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுத் தோல் உரிந்து போயிற்று. நாம் செய்தது குறைச்சல் இல்லை. எண்ணெய்க் கருப்பு போக வேண்டும் என்று கோவில்களில் மணல் வீச்சு நடந்தது. காற்றழுத்தத்தில் பாயும் மணல் என்பது குவார்ட்ஸ், கடினம் 7. கல்லில் இருப்பதும் அதிகபட்சம் 7. உளி வழவழப்பாக்கிய மேற்பரப்பு சொரசொரவென்றாகும், அடுத்த எண்ணெயும் தூசியும் முன்னைவிட நன்றாகப் பிடிக்கும், கல்வெட்டு மழுங்கும். யுனெஸ்கோ குழு 2017இல் தமிழகத் திருப்பணிகளைக் கடுமையாகக் குறைசொன்னது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 75 உத்தரவுகள் பிறப்பித்தது.

மென்மையாகச் செய்யவும் இங்கே ஆள் இருந்தார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கி, மண்ணிலிருந்து பச்சைப் பொருக்கோடு வந்த வெண்கல மூர்த்திகளை மின்பகுப்பு முறையில் மீட்டவர் எஸ். பரமசிவன். துருவின் குளோரைடு மின்னோட்டத்தில் மெல்ல விலகி வெளியேறும், சுரண்டவே வேண்டாம். கோவிலைவிட்டு வெளியேறிய தேவிக்கு ஆகமமும் இல்லை, பிரபுவும் இல்லை. அவளுக்கு அந்தத் தொட்டிதான் குளியல்.

நண்பருக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு ஏறும்போது வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினார். டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பாறையை ஓங்கித் தட்டினார். கணீரென்று வந்தது. கொஞ்சம் தள்ளி, வேர் இறங்கிய விரிசலுக்கு அருகே தட்டினார்; பூசணிக்காய் ஓசை. “இது படிக்கட்டுக்குப் போகும்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.